தெருவுக்கு வந்த புள்ளிமான்: கிண்டி, வேளச்சேரி, அடையாறு பகுதிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவையும், அதை ஒட்டிய ஆளுநர் மாளிகை, ஐஐடி வளாகங்களையும் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு, விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது தெருமுனையில் ஒரு புள்ளிமான் நிற்பது அப்படியொன்றும் நம்ப முடியாத காட்சியல்ல. ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்வது, யாரை அழைப்பது, எதைச் செய்யவே கூடாது என்பதில் பலருக்கும் தெளிவில்லை. குடியிருப்பாளர்களும் நலச்சங்கப் பொறுப்பாளர்களும் அடுக்குமாடிக் காவலாளிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம், வண்டலூர் காப்புக்காடு ஆகியவற்றின் அருகில் வசிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் தெருவுக்கு மான் எப்படி வந்தது?

மான் உங்கள் தெருவுக்கு வந்தது என்பதைவிட, தெரு மானின் இடத்துக்கு வந்தது என்பதே வரலாற்றுக்கு நெருக்கமானது. இன்று 2.7 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ள கிண்டிக் காடு, ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீட்டராக இருந்தது. 1950-களின் இறுதியில் அதில் ஒரு பெரும் பகுதி ஐஐடிக்காக ஒதுக்கப்பட்டது; பின்னர் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் இடம் போயிற்று. எஞ்சியதுதான் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எல்லைகள் காகிதத்தில் மாறினாலும் மான்கள் மாறவில்லை. ஐஐடி வளாகத்துக்குள் விடுதிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் நடுவே அவை இன்றும் மேய்கின்றன.

வளாகங்களைச் சுற்றிச் சுவர் இருக்கிறது. ஆனால் சுவரில் மழைநீர் வெளியேறுவதற்கான திறப்புகள் உண்டு. புயலில் மரம் சாய்ந்து சுவர் இடிவதும் உண்டு. இரவில் திறந்தபடி விடப்படும் வாயில்களும் உண்டு. புள்ளிமான் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடியது என்றாலும், தாண்டுவதைவிடக் கீழே நுழைந்து போவதையே விரும்பும். ஆகவே “இவ்வளவு உயரச் சுவரை எப்படித் தாண்டியது” என்று அண்ணாந்து பார்ப்பவர்கள், பெரும்பாலும் குனிந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

கோடையில் புல் காய்ந்து நீர்நிலைகள் வற்றும்போதும், ஆண் மான்கள் தங்களுக்குள் மோதித் தோற்றது ஒதுக்கப்படும்போதும், நாய் துரத்தும்போதும் மான்கள் வெளியே வருகின்றன. இவற்றோடு, வெளியே உணவு கிடைக்கிறது என்று பழகிப்போனதும் ஒரு காரணம். அது நாமே உண்டாக்கியது. கீழே தனியாகப் பேசப்படுகிறது.

வந்திருப்பது எந்த வகை மான் என்று எப்படி அறிவது?

தெருவில் காணப்படுவது பெரும்பாலும் புள்ளிமான்தான். செம்பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஆணுக்கு மட்டும் பக்கத்துக்கு மூன்று கிளைகளாகப் பிரியும் கொம்பு உண்டு. அது ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வளர்ந்த ஆண் மான் எழுபது கிலோவுக்கு மேலும் இருக்கக்கூடும் என்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் உணர்வதில்லை.

கிண்டியில் வெளிமானும் உண்டு. செய்தித்தாள்களில் இதைக் கலைமான் என்றும் எழுதுகிறார்கள். ஆணின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். கொம்பு திருகியிருக்கும், உதிராது. இது திறந்த புல்வெளியை நாடும் விலங்கு என்பதால், பூங்காவுக்குள் போலோ திடல் போன்ற இடங்களை விட்டு வீட்டுத் தெருக்களுக்கு வருவது குறைவு. எந்த மான் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றாலும் செய்ய வேண்டியவை ஒன்றுதான்.

தெருவில் மான் நிற்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

நில்லுங்கள். அருகில் போகாதீர்கள். மான் உங்களைப் பார்த்துத் தலையை உயர்த்தி, காதுகளை முன்னுக்குத் திருப்பி, முன்னங்காலால் தரையைத் தட்டுகிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அதன் பார்வையிலிருந்து விலகாமல் மெல்லப் பின்வாங்கினால் போதும். ஓடிப்போய் மறைய வேண்டியதில்லை.

அடுத்து, அது எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்து, அந்தப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். இதைத்தான் மக்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பூங்காச் சுவரின் பக்கமாக நின்று படம் எடுக்கிறார்கள்; மான் எதிர்த்திசையில், அதாவது வேளச்சேரி பிரதான சாலையையோ சர்தார் படேல் சாலையையோ நோக்கி ஓடுகிறது. பிறகு “மான் வண்டியில் அடிபட்டது” என்று செய்தி வருகிறது.

வீட்டுக்குள் நாய் இருந்தால் உள்ளேயே கட்டுங்கள். தெருவில் விளையாடும் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மட்டும் தெருவின் இரு முனைகளிலும் நின்று வரும் வண்டிகளை மெதுவாகப் போகச் சொன்னால், அது ஐம்பது பேர் சேர்ந்து செய்யும் ‘மீட்பை’விடப் பயனுள்ளது. குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் தகவல் போடுவதாக இருந்தால், “வெளியே வராதீர்கள், நாயை அவிழ்க்காதீர்கள்” என்று போடுங்கள். “மான் வந்திருக்கிறது, சீக்கிரம் வாருங்கள்” என்று படத்தோடு போட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யாரை அழைப்பது?

நல்ல உடல்நிலையில், போகும் வழி திறந்திருக்கும் இடத்தில் நிற்கும் மானுக்காக யாரையும் அழைக்கத் தேவையில்லை. அடிபட்ட, சிக்கிக்கொண்ட, நாய்கள் சூழ்ந்த, எழ முடியாமல் கிடக்கும் மான் என்றால் வனத்துறையை அழைக்க வேண்டும். கிண்டி தேசியப் பூங்காவின் வனச்சரக அலுவலக எண்ணை உங்கள் நலச்சங்க அறிவிப்புப் பலகையிலும் காவலாளியின் மேசையிலும் இன்றே எழுதி வையுங்கள். மான் வந்த பிறகு எண்ணைத் தேடுவது வீண் பதற்றம். மான் கிணற்றிலோ ஆழமான மழைநீர்க் கால்வாயிலோ விழுந்திருந்தால் 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். 1962 என்பது கால்நடைகளுக்கான ஆம்புலன்ஸ் எண். காட்டு விலங்குக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அழைக்கும்போது இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். மான் நிற்கிறதா, கிடக்கிறதா, இரத்தம் வருகிறதா, நாய்கள் அருகில் உள்ளனவா என்று சொல்லுங்கள். வலை போதுமா, மருத்துவர் வேண்டுமா என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நாங்களே பிடித்துக் கட்டிவைத்தால் வனத்துறையின் வேலை எளிதாகுமே?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மான் அச்சத்தாலேயே இறக்கக்கூடிய விலங்கு. இதை மிகைப்படுத்திச் சொல்லும் பேச்சாக எண்ண வேண்டாம். இது கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு நிலை. துரத்தப்பட்டு, பிடிக்கப்பட்டு, திமிறும்போது மானின் தசைகள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி வேலை செய்கின்றன. தசைகளில் அமிலம் சேர்கிறது; உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது; தசை நார்கள் சிதையத் தொடங்குகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவது இதனால்தான். சில மான்கள் பிடித்த இடத்திலேயே இதயம் நின்று விழுகின்றன. மற்றவை அன்று நன்றாக இருப்பதுபோல் தோன்றி, காட்டில் விடப்பட்ட ஓரிரு நாள்களில் பின்னங்கால்கள் செயலிழந்து எவர் கண்ணிலும் படாமல் இறக்கின்றன. “பத்திரமாகப் பிடித்து ஒப்படைத்தோம்” என்று மகிழ்ச்சியோடு கலைந்து போனவர்களுக்கு அந்த முடிவு தெரிவதே இல்லை.

ஒரு காட்சியைக் கவனியுங்கள். அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு பெண் மான் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. நான்கு இளைஞர்கள் போர்வையோடு நெருங்குகிறார்கள். மான் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது; நாக்கு வெளியே தொங்குகிறது; விலாப்பக்கம் வேகமாக ஏறி இறங்குகிறது; பிறகு திடீரென்று அசையாமல் நின்றுவிடுகிறது. பார்ப்பவர்கள் “அடங்கிவிட்டது, பயம் போய்விட்டது” என்கிறார்கள். உண்மையில் அது அபாயத்தின் உச்சம். வாய் திறந்து மூச்சுவிடும் மானிடமிருந்து எல்லோரும் உடனே விலகிவிட வேண்டும். அந்த இடத்தின் விளக்கை அணைத்து, சத்தத்தை நிறுத்தி, அதைத் தனியே விட வேண்டும்.

பயிற்சி பெற்ற வனப்பணியாளர்கள் பிடிக்கும்போதும் இந்த ஆபத்து இருக்கிறது. அவர்கள் முதலில் கண்ணை மூடுவதும், பேசாமல் வேலை செய்வதும், வெயில் ஏறுவதற்கு முன் முடிக்கப் பார்ப்பதும் அதனால்தான்.

மான் எங்கள் சுற்றுச்சுவருக்குள் வந்துவிட்டது. அதுவாகவே போய்விடுமா?

வழி விட்டால் பெரும்பாலும் போய்விடும். எல்லா வாயில்களையும் திறந்து வைத்து, வெளியே நிற்பவர்களை அகற்றிவிட்டு, பொழுது சாயும்வரை காத்திருங்கள். வந்த வழி மானுக்கு நினைவிருக்கும்; தெரு அடங்கியதும் அதே வழியைத் தேடும். கைதட்டியும் தகரத்தைத் தட்டியும் விரட்டினால், அது திறந்த வாயிலைப் பார்க்காமல் வெளிச்சம் தெரியும் கண்ணாடிக் கதவின்மீதோ, ஈட்டிமுனை வைத்த இரும்பு வேலியின்மீதோ பாயும்.

உள்ளே வலைகள் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கிரிக்கெட் பயிற்சி வலை, பூப்பந்து வலை, துணி உலர்த்தும் நைலான் கயிறு ஆகியவற்றில் ஆண் மானின் கொம்பு சிக்குவது அடிக்கடி நேர்வது. திமிறத் திமிற வலை இறுகும். சிக்கிவிட்டால் அறுத்துவிட நீங்கள் நெருங்க வேண்டாம். கொம்பின் ஒரு வீச்சு வயிற்றைக் கிழிக்கும். வனத்துறை வரும்வரை கூட்டத்தை விலக்குவதே உங்கள் வேலை.

தெருநாய்கள் மானைச் சூழ்ந்துவிட்டன. விரட்டலாமா?

விரட்டலாம், விரட்டவும் வேண்டும். மனிதர் தலையிட வேண்டிய மிகச் சில தருணங்களில் இது ஒன்று. ஆனால் மானை நோக்கி ஓடாமல் நாய்களை நோக்கி, மானுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்; தண்ணீர்க் குழாயைத் திறந்து பீய்ச்சுவது கல்லெறிவதைவிட நன்றாக வேலை செய்யும். நாய்கள் விலகியதும் நீங்களும் விலகிவிடுங்கள்.

கிண்டியைச் சுற்றி மான்கள் இறப்பதற்கு நாய்கள் ஒரு முக்கியக் காரணம் என்பது நாய்களை விரும்புகிறவர்களுக்குக் கசப்பான செய்தியாக இருக்கலாம். நாய்மீது கோபப்படுவதில் பயனில்லை. கூட்டமாகச் சேர்ந்த நாய் நாயைப்போலத்தான் நடக்கும். பூங்காச் சுவரை ஒட்டிய நடைபாதையில் நாள்தோறும் நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் அந்த இடத்தைக் குடியிருப்பின் உட்பகுதிக்கு மாற்றினாலே பெரிய வேறுபாடு தெரியும். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்பட்ட நாய்கள் என்றாலும் சுவரோரம் கூட்டம் சேர விடக் கூடாது.

நாய் கடித்த மான் நடந்து போய்விட்டாலும் தகவல் சொல்லுங்கள். வெளியே சிறு பல்தடமாகத் தெரிவது உள்ளே ஆழமான புண்ணாக இருக்கும்.

புதருக்குள் ஒரு மான்குட்டி தனியாகப் படுத்திருக்கிறது. தாய் கைவிட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிறந்த முதல் சில நாள்களில் தாய் மான் குட்டியைப் புதர் மறைவில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். குட்டியின் உடலில் வாடை மிகக் குறைவு. அசையாமல் கிடப்பதே அதன் பாதுகாப்பு. தாய் பக்கத்தில் நின்றால்தான் வேட்டை விலங்குக்கு இடம் தெரியும். குட்டி கத்தாமல், கண் திறந்தபடி, கழுத்தைத் தரையோடு வைத்துக் கிடக்கிறது என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது.

எடுத்துக்கொண்டு போய்ப் பசும்பால் கொடுப்பது நல்ல மனம் செய்யும் பெரிய கேடு. பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கழிச்சல் கண்டு இறந்துபோகும். புட்டிப்பாலில் தப்பிப் பிழைக்கும் குட்டியும் மனிதரிடம் அச்சம் இழந்து வளரும். வளர்ந்த ஆண் மானுக்கு அந்த அச்சமின்மை அதற்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

யாராவது ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டுத் தொலைவில் போய்விடுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்காகத் திரும்ப வைக்காமல் இருந்துவிடாதீர்கள். குட்டி தொடர்ந்து கத்திக்கொண்டே இருந்தால், உடலில் ஈயும் எறும்பும் மொய்த்தால், அல்லது அருகில் தாய் இறந்து கிடந்தால் அப்போது வனத்துறையை அழையுங்கள்.

வாழைப்பழம், பிஸ்கட், மிஞ்சிய சோறு கொடுக்கலாமா? பசியோடு வந்திருக்கிறதே!

கொடுக்கக் கூடாது. மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் புல்லையும் இலையையும் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சோறும் ரொட்டியும் பிஸ்கட்டும் அங்கே போனதும் வேகமாகப் புளித்து அமிலமாகின்றன. அந்த நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிறு உப்பி மான் படுத்துவிடுகிறது. கல்யாண மண்டபத்தின் பின்புறம் கொட்டிய சோற்றைத் தின்ற மாடு சாவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு தீங்கு மெதுவாக நடப்பது. ஒரு வீட்டில் உணவு கிடைத்த மான் மறுநாளும் அதே நேரத்துக்கு வரும், தன் கூட்டத்தோடு வரும். அது வர வேண்டிய வழியில் சாலை இருக்கிறது, நாய் இருக்கிறது. வாசலில் மான் வந்து கையிலிருந்து பழம் வாங்கித் தின்னும் காணொளிக்குக் கிடைக்கும் விருப்பக்குறிகள் அந்த மானுக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. கோடையில் தெருவோரம் தண்ணீர்த்தொட்டி வைப்பதும் இதே கணக்குத்தான். பூங்காவுக்குள் தொட்டிகளில் நீர் நிரப்புவது வனத்துறையின் பொறுப்பு.

குப்பைக்கும் மானுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. மீந்த குழம்புச் சோற்றைக் கவரில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, குப்பைத்தொட்டிக்குக் குறிவைத்து வீசுகிறோம். அது தொட்டிக்கு வெளியே விழுகிறது. உப்பும் புளியும் கலந்த அந்த வாடை மானை இழுக்கிறது. மானுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. கவரோடு சேர்த்து மென்று விழுங்குகிறது. கவர் செரிக்காது, வெளியேறவும் செய்யாது. அடுத்த கவர் அதன்மேல் சேருகிறது. மாதக்கணக்கில் இவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிற்று உருண்டைபோல் இரைப்பையை அடைத்துவிடும். அப்போது மானுக்கு வயிறு எப்போதும் நிறைந்திருப்பதாகத் தோன்றும், மேய்வதை நிறுத்திவிடும், வயிறு பெருத்து முதுகெலும்பு தெரியும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் இறந்த மான்களின் பிணப்பரிசோதனையில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் திரள் கண்டெடுக்கப்பட்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

எனவே, மானுக்கு உதவ விரும்பும் ஒருவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை சமையலறையில்தான் இருக்கிறது. ஈரக்குப்பையைக் கவர் இல்லாமல் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். பூங்காச் சுவரோரம் குப்பை கொட்டும் இடம் இருந்தால் அதை அகற்றக் கோரி மாநகராட்சிக்கு நலச்சங்கத்தின் பெயரில் மனுக் கொடுங்கள். தனி ஒருவர் கொடுப்பதைவிடச் சங்கம் கொடுப்பது நகரும்.

திருகோணமலையில் மான்கள் ஊருக்குள்ளேயே உலவுகின்றனவே? அங்கே மக்கள் உணவும் கொடுக்கிறார்களே?

உண்மைதான். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையிலும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் ஆடுகளைப்போல் நடமாடுகின்றன. அந்த ஊர் மக்கள் அவற்றைத் தம்முடையவையாகவே கருதுகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கும் மான்கள் குப்பையில் மேய்கின்றன, பிளாஸ்டிக்கைத் தின்கின்றன, நாய்க்கும் வண்டிக்கும் பலியாகின்றன. பழக்கம் மானின் அச்சத்தைப் போக்கியிருக்கிறதே தவிர, அதன் ஆபத்தைப் போக்கவில்லை. மேலும் அங்குள்ள போக்குவரத்தையும் வேளச்சேரியின் போக்குவரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மான் மனிதரைத் தாக்குமா?

வேண்டுமென்று தேடி வந்து தாக்காது. ஆனால் மூலையில் ஒதுக்கப்பட்ட மானும், இணைசேரும் பருவத்தில் உள்ள ஆண் மானும் முட்டக்கூடும். கொம்பின்மேல் மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும் காலத்தில் ஆண் மான் சாதுவாக இருக்கும். அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரித்து, கொம்பு பளபளப்பாகி, கரகரத்த குரலில் கத்தத் தொடங்கிவிட்டால் இன்னும் அதிக இடைவெளி விடுங்கள். பெண் மானின் குளம்படியும் எலும்பை முறிக்கும்.

கீறலோ கடியோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். வெறிநாய் கடித்த எந்தப் பாலூட்டிக்கும் வெறிநோய் வரக்கூடும் என்பதால், தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

செம்பருத்தியையும் ரோஜாவையும் மொட்டோடு தின்றுவிடுகிறது. தோட்டத்தை எப்படிக் காப்பது?

இரண்டு மீட்டருக்கு உயர்ந்த, கீழே இடைவெளி இல்லாத வேலி ஒன்றே உறுதியான வழி. கீழ் இடைவெளியை அடைப்பதுதான் முக்கியம். கண்ணாடிச் சில்லு பதித்த சுவர், முள்கம்பி, மின்கம்பி ஆகியவை வேண்டாம். முதல் இரண்டும் மானைக் குத்திக் கிழிக்கும், மூன்றாவது உங்களைச் சிறைக்கு அனுப்பும்.

வேலி போட முடியாதவர்கள் சுவரோரம் நொச்சி, ஆடாதொடை போன்றவற்றை நட்டு, மானுக்குப் பிடித்தவற்றை மாடித்தோட்டத்துக்குக் கொண்டு போகலாம். அரளி நச்சுச்செடி, அதன் கிளைகளை வெட்டினால் தெருவில் போடாதீர்கள், வாடிய தழையிலும் நஞ்சு போகாது. பூச்சிமருந்து தெளித்த செடியை மான் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இதையெல்லாம் செய்தும் நான்கு மொட்டுகள் போனால், காட்டை ஒட்டி வீடு வாங்கியதற்கு அதை வாடகையாக எண்ணிக்கொள்ளலாம்.

இரவில் வண்டி ஓட்டும்போது மான் குறுக்கே வந்தால்?

விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் மான்கள் அதிகம் நடமாடும். ஒரு மான் கடந்துவிட்டது என்று வேகம் எடுக்காதீர்கள். பின்னால் இன்னும் இரண்டு வரும். முகப்பு விளக்கின் உயர் ஒளியில் மான் கண்கூசி அப்படியே நின்றுவிடும், ஆகவே தாழ் ஒளிக்கு மாற்றி வண்டியை நிறுத்துங்கள். விலக்கிப் போகலாம் என்று கைப்பிடியைச் சட்டென்று வளைக்கும் இருசக்கர வண்டிக்காரர்தான் அதிகம் காயப்படுகிறார்.

மோதிவிட்டால், அடிபட்ட மானை உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையைத் தேடி ஓடாதீர்கள். பின் இருக்கையில் எழுந்து உதைக்கும் மானோடு கார் ஓட்ட இயலாது. சட்டப்படியும் அது சிக்கல். வண்டியை ஓரம் கட்டி, பின்னால் வருபவர்களை எச்சரித்து, தகவல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். படுத்துக் கிடக்கும் விலங்குக்கு அது நுரையீரலில் இறங்கும்.

மான் இறந்து கிடக்கிறது. அப்புறப்படுத்தலாமா?

தொடாதீர்கள், இழுக்காதீர்கள், மாநகராட்சி வண்டியில் ஏற்றி அனுப்பாதீர்கள். 2022 மார்ச் மாதத்தில் ஐஐடி வளாகத்தில் மான்கள் இறந்தபோது ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் கண்டறியப்பட்டது. இந்நோயின் கிருமி காற்றுப் பட்டதும் வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதனால்தான் ஐயத்துக்குரிய உடலை அறுத்துப் பரிசோதிப்பதையே மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நாய்களும் காகங்களும் அண்டாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். எல்லா இறப்பும் நோயால் அல்ல. எது என்று முடிவு செய்வது நம் வேலையல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமானும் புள்ளிமானும் பாதுகாக்கப்பட்டவை. வெளிமான் முதல் அட்டவணையில் உள்ளது. ‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறை நாம் நினைப்பதைவிட விரிந்தது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும், கண்ணி வைப்பதும், துரத்திச் செலுத்துவதும், இரை வைத்து ஈர்ப்பதும், இவற்றுக்கு முயல்வதும் அதில் அடங்கும். 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் பொதுவான அபராத உச்சத்தை ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தியது. முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. காட்டு விலங்கின் உடல் அரசின் உடைமை. அது எப்படியேனும் உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். குட்டியை எடுத்து வளர்ப்பதும் குற்றமே, எவ்வளவு அன்பாக வளர்த்தாலும்.

எல்லா மான்களையும் பிடித்துப் பெரிய காட்டில் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

கேட்க எளிதாக இருக்கும் யோசனை இது. பிடிப்பதில் உள்ள உயிராபத்து மேலே சொல்லப்பட்டது. தப்பிப் பிழைத்த மான், செந்நாயையும் சிறுத்தையையும் ஒருநாளும் பார்த்திராத நகரத்து மான். புதிய காட்டில் எங்கே நீர், எங்கே மறைவு என்று அறியாது. ஆகவே தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடு, தனித்தனி நிலைமையைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. இங்கிருந்து சிலவற்றை அகற்றினாலும், சுவரில் ஓட்டையும் தெருவில் குப்பையும் அப்படியே இருந்தால் எஞ்சியவை அதே வழியில் வரும். பூங்காவுக்குள் புல்வெளியைப் பேணுவதும் நீர் வைப்பதும் சுவரைச் செப்பனிடுவதும் செலவு குறைந்த வழிகள். ஓட்டையைப் பார்த்தால் படம் எடுத்து, அருகிலுள்ள மின்கம்ப எண்ணோடு வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடைப்பதற்கு முன் உள்ளே போக வேண்டிய மான் வெளியே நிற்கவில்லை என்று உறுதிசெய்யச் சொல்லவும் மறக்காதீர்கள்.

உதிர்ந்த மான்கொம்பு ஒன்று கிடந்தது. வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தானாக உதிர்ந்தது என்றாலும் விற்பதும் வாங்குவதும் தடைசெய்யப்பட்டவை. வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் கொம்பு உதிர்ந்ததா வெட்டியதா என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலையும் உங்களுக்கு வரலாம். மண்ணில் கிடந்தால் எலியும் முள்ளம்பன்றியும் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். பார்த்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். குழந்தை எடுத்து வந்துவிட்டால் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.